கயிற்றில் தீட்டு ஏறுமா

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் தொடங்கியது. போன மாதம் பாறசாலையில் காலைநடை போனபோது, பெரிய சீமைநாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர் என்னை நிறுத்தினார். "இந்தப் பக்கம் இதைப்போல வேற நாய் உண்டா? விளையாட ஆளில்லாம ஏங்கிப்போவுது." எதிரே சாயாக்கடை வாசலில் மூன்று தெருநாய்கள் வாலாட்டி நின்றன. கையைக் காட்டினேன். "சே, இதுகளோடயா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவரைப் பற்றி எழுதினால் வசையாகிவிடும். ஆகவே நூறு வருடத்துக்கும் பின்னால் போகிறேன். [அங்கே போனால் கோபம் ஆறும் என்று நினைத்தேன். எனக்கே சிரிப்பு வருகிறது.]

2

தொடக்கம்: "நெய்யாற்றின்கரைக்குப் போகும் பாதையில் அதிகாலைப் பனி மெல்ல —"

வேண்டாம். பனியை ரசிக்கத் தங்கப்பனுக்கு நேரமில்லை. அவன் கையில் நாய் இருக்கிறது.

இன்னொரு தொடக்கம்: கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூறை (ஆங்கிலக் கணக்கில் 1915) ஒட்டிய ஒரு வருடம். திருவிதாங்கூரில் மகாராஜாவின் ஆட்சி. பாறசாலைக்கும் காரோட்டுக்கும் நடுவே ஒரு கிராமம். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்த பூதலிங்கம் பிள்ளைக்கு, சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவர் தன் நாயைக் கொடுத்துவிட்டுப் போனார். தேன் நிறம், தொங்கும் காது, மேஜர் என்று பெயர். தினமும் நடத்த வேண்டும், கூட விளையாட வேறு நாய் வேண்டும், இல்லாவிட்டால் தின்னாது என்று துரை சொல்லியிருந்தார். பிள்ளையின் வயலில் வேலை செய்யும் தங்கப்பன் தலையில் அந்த வேலை விழுந்தது.

"எலே தங்கப்பா," என்றார் பிள்ளையின் மனைவி உமையம்மாள், "நீ உனக்க பட்டியை விளிக்கியதுபோல இதை எலே, கிலேன்னு விளிக்கப்பிடாது. துரைக்க வீட்டுல வளந்ததாக்கும்."

(அந்தப் பக்கம் நாய்க்குப் பட்டி என்று பெயர்.) தங்கப்பன் தலையாட்டினான். வீட்டைத் தாண்டியதும் நாயிடம் குனிந்து, "மேஜர் ஏமானே, மூத்திரம் பெய்தாச்சுன்னா எழுந்தருளணும்," என்றான்.

3

பிள்ளை மேஜருக்குத் தோழமை தேடியது வரன் தேடியதுபோல இருந்தது. வைத்தியர் வீட்டு நாய் வந்தது. மேஜரின் காதைக் கடித்துவிட்டுப் போனது. மீதமிருந்த நல்ல குடும்பத்து நாய்கள் எல்லாம் கோயில் தெருவில் இருந்தன. மேஜரைத் தினமும் அந்தத் தெரு வழியாக நடத்திச் செல்ல வேண்டும் என்று பிள்ளை முடிவு செய்தார். நடத்துகிறவன் அங்கே கால் வைக்க முடியாது என்பது அவருக்கு மறந்துபோனது.

தெருவுக்கு ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் தாழ்வாக வயல்; தெருமுனையில் ஒரு பலகை உண்டு. இன்னின்ன சாதியார் இதற்கு அப்பால் வரக்கூடாது. (தங்கப்பனின் சாதிப்பெயரை நான் எழுதவில்லை. பலகை எழுதியிருக்கிறது, அது போதும். நாய்களைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை.)

"கயிறை நீட்டிக் கெட்டு," என்றார் பிள்ளை, பலகையின் ஞாபகம் வந்ததும். "பட்டி தெருவுல நடக்கட்டு. நீ கீழ வயலோட வா."

"ஏமானே, ஒரு சம்சயம். கயிறுக்க ஒரு அற்றம் எனக்க கையில. மத்த அற்றம் பட்டிக்க கழுத்துல. தீட்டு ஏறாதா?"

பிள்ளை கண்ணை மூடி யோசித்தார். "கயிறுல ஏறாது. ஏறும்னா நீ கயிறு பிடிக்கிய மாட்டுக்க பாலை நாங்க எப்படிக் குடிக்கியது?"*

* இந்தத் தீர்ப்பை விட்டு என்னால் நகர முடியவில்லை. தனக்குக் காரியம் ஆக வேண்டிய இடத்தில் தீட்டு ஒதுங்கி நிற்கிறது. பாலில் ஏறாது, நெல்லில் ஏறாது, கயிற்றில் ஏறாது. மனிதன் தெருவுக்கு ஏறி வந்தால் மட்டும் ஏறும். இதை ஒரு முட்டாள் சொல்லவில்லை. சர்க்கார் சட்டங்களைப் பிரதி எடுத்து வாழ்ந்தவர் சொன்னார்.

அப்படியே நடந்தது. நாய் தெருவில், மனிதன் சேற்றில். யாராவது எதிரே வந்தால் தீட்டுப்படாமல் விலகிக்கொள்ள வசதியாகத் தங்கப்பன் கூவிக்கொண்டே நடந்தான். நல்ல குடும்பத்து நாய்கள் வாசலில் நின்று குரைத்தன. மேஜர் அவற்றைப் பார்க்கவில்லை; கீழே பார்த்துக்கொண்டே நடந்தது.

4

கீழே கறுப்பி இருந்தாள். தங்கப்பன் வளர்த்த நாய். வயல் வரப்பில் அவன் பின்னாலேயே வருவாள். ஒருநாள் மேஜர் தெருவிலிருந்து சேற்றில் குதித்தது. இரண்டும் ஒன்றையொன்று துரத்தி, உருண்டு, தேன் நிறமும் கறுப்பும் ஒரே சேற்று நிறமாயின. அன்று மேஜர் வயிறு நிறையத் தின்றது. பிள்ளைக்குச் சந்தோஷம். காரணம் கேட்கவில்லை.

கோயிலுக்குப் போன உமையம்மாள் காரணத்தைக் கண்ணால் பார்த்தார். சாயங்காலம் தங்கப்பன் முற்றத்துக்கு வெளியே நின்றான்.

"நாளைக்கு உனக்க பட்டி உயிரோட இருக்கப்பிடாது," என்றார் பிள்ளை. "இருந்துதுன்னா உனக்க குடில் எனக்க பறம்பு மண்ணுல இருக்காது."

"ஏமானே, கயிறுல ஏறாத தீட்டு பட்டியில மட்டும் ஏறுமோ?"

[மேலே உள்ள கேள்வியை எடுத்துவிடுகிறேன். கேட்டிருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். கேட்டது என் கோபம், தங்கப்பன் அல்ல. அவன் "செரி ஏமானே" என்றான். திரும்பும் வழியில் கறுப்பியிடம்தான் கேட்டான். "நீயாவது சொல்லு மக்கா."]

5

ஒரு முடிவு: "தங்கப்பன் கறுப்பியைக் கூட்டிக்கொண்டு பாறைக்குழிப் பக்கம் —" மாட்டேன். பிள்ளைக்காக நான் நாய் கொல்ல மாட்டேன்.

வேறொரு முடிவு: "பிள்ளையின் கண்கள் கலங்கின. அவர் —" இதை எழுதினால் அவருக்கு இலவசமாக நல்ல பேர் வாங்கிக் கொடுத்தவனாவேன்.

ஆகவே மறுநாள் காலை. தங்கப்பன் மேஜரோடு பலகையருகே, கீழே வயலில் நிற்கிறான். கறுப்பியும் நிற்கிறாள், உயிரோடு. அவன் கயிற்றை விட்டுவிடுகிறான். இரண்டு நாய்களும் பலகையைத் தாண்டி ஓடுகின்றன. குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த ஒருவர், குறுக்கே வந்த கறுப்பியை "போ, போ" என்று விரட்டிவிட்டு நடக்கிறார். மறுபடி குளிக்கப் போகவில்லை. அவள் எந்தக் குடிலில் தூங்குகிறவள் என்று அவருக்குத் தெரியாது. கோயில் நடைக்கு நேரே உட்கார்ந்து கறுப்பி காதைச் சொறிகிறாள். மேஜர் பக்கத்தில் படுக்கிறது. வானம் இடிந்து விழவில்லை.

தெருவின் அந்தக் கோடியில் பிள்ளையின் வெள்ளை வேட்டி தெரிகிறது. கயிற்றின் நுனி பலகைக்கு அப்பால் கிடக்கிறது. கறுப்பியையும் மேஜரையும் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் தங்கப்பன் தெருவில் ஏற வேண்டும்.

வாசகரே, உங்கள் மனசு எனக்குத் தெரியும். நீங்களே போய்க் கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறீர்கள். வேண்டாம். அவனைச் சேற்றிலேயே நிற்கவைத்து உதவும் வழியைப் பிள்ளை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்.

தங்கப்பன் சேற்றுக்கால் ஒன்றைத் தெருவில் வைக்கிறான். பிள்ளை நடையை எட்டிப் போடுகிறார். வாசல்களில் ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். நான் எழுதுவதை நிறுத்துகிறேன். அந்த ஆட்களில் நீங்கள் யார் என்பதை நீங்களே எழுதி முடியுங்கள்.