திரையெல்லாம் பச்சை

பொழுது புலர்வதற்குள் சர்வர்களை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பியாக வேண்டும். ஏசிக் குளிரில் விரல்கள் மரத்துப்போக, தலைமுடியால் 'சுருட்டை' என்று பெயர் வாங்கியவள் கீபோர்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஊரெங்கும் கடைகள் பில் போடுவது இவர்கள் நிறுவனத்தின் செயலியில்தான். அது ஓடுவதோ எங்கோ வாடகைக்கு எடுத்த சர்வர் கணினிகளில். முதலாளி அவற்றைப் பாதியாகக் குறைத்ததிலிருந்து, ஒரு பகல் ஓடினாலே மூச்சுமுட்டி நின்றன. ஒன்றின் சுமையைப் பக்கத்துச் சர்வருக்கு மாற்றி, அணைத்து, மறுபடி கிளப்பி, நிலைக்கு வரும்வரை கண்கொட்டாமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டை ஒன்றாக அணைத்தால் அத்தனை கடையும் படுத்துவிடும்.

"எந்திரிடா ராசா," என்று பக்கத்து நாற்காலியில் மாமா ஒரு சர்வரைக் கொஞ்சினார். உறவில் அவர் இங்கே யாருக்கும் மாமா இல்லை. அறையே வைத்த பெயர். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இந்த வேலை ஒன்றுதான் அவருக்குப் பிடிமானம்.

கடை திறக்கும் நேரத்துக்கு முதலாளி வந்தார். சுவரில் சர்வர்களின் நிலையைக் காட்டும் பெரிய திரையை அண்ணாந்து பார்த்தார். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

"எல்லாம் பச்சையாத்தானே இருக்கு? இதுக்கு எதுக்கு ரெண்டு பேர்? நாளையிலருந்து நீங்க வர வேண்டாம்," என்றார் மாமாவிடம்.

சுருட்டைக்குச் சுருக்கென்றது. விடிகாலை தோறும் வியாதியை மூடி மறைத்து, தங்கள் கையாலேயே தங்களுக்குக் குழி வெட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நாங்க வந்து தட்டி எழுப்புறதாலதான் சார் பச்சை. சர்வரைக் கூட்டுங்க, அப்புறம் ஆளைக் குறைங்க."

"உன்னால முடியலன்னா வேற ஆள் பாக்குறேன்."

"பாருங்க. மாமா இல்லாம நான் கை வைக்க மாட்டேன்."

"மிரட்டுறியா?"

"இல்ல சார். உள்ளதை உள்ளபடி விடப்போறேன்."

அவர் போனதும் மாமா சொன்னார்: "எனக்காக உன் பொழப்பைக் கெடுத்துக்காதம்மா."

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா? இன்னைக்கு நீங்க, நாளைக்கு நான். பேசாம டீயைக் குடிங்க."

அடுத்த அறையில் போன் எடுக்கும் பெண்களிடம் போய், நடந்ததையும் நாளை சர்வர்களைத் தொடப்போவதில்லை என்பதையும் சொன்னாள். அவர்களில் மூத்தவள் குயில். குரலால் வந்த பெயர். கடைக்காரர் யார் திட்டினாலும் 'உங்க நெட்தான் ஸ்லோ' என்று சொல்வதுதான் அவர்களுக்கு உத்தரவு.

"பொய் சொல்லியே நாக்கு புளிச்சுப்போச்சுடி," என்றாள் குயில். "நாங்களும் இருக்கோம்."

மறுநாள் விடியலில் மாமாவும் வந்தார். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பில்லுக்குக் காத்து நிற்கப்போகும் கடைக்காரர்களை நினைத்து ஒருமுறை அவள் கை கீபோர்டுக்குப் போனது. அவர்களையும்தானே இத்தனை நாள் ஏமாற்றினோம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். கடைகள் திறந்ததும் திரை மஞ்சளாகி, சிவப்பாகியது. அடுத்த அறையில் போன்கள் அலறின; சுருட்டையும் மாமாவும் அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

"நெட் ஸ்லோன்னு சொல்லுங்க!" முதலாளி ஓடி வந்தார்.

குயில் போனை எடுத்தாள். "உங்க நெட்ல ஒரு கோளாறும் இல்லைங்க. எங்க முதலாளி சர்வரைக் குறைச்சுட்டாரு. அதைத் தாங்கிப் பிடிச்ச ஆளையும் இப்ப குறைக்கிறாரு."

"இதெல்லாம் உன் வேலைதானே? வெளிய போ!" என்று அவர் சுருட்டையைப் பார்த்துக் கத்தினார்.

சுருட்டை எழுந்தாள். மாமா எழுந்தார். வரிசையாக ஹெட்போன்கள் மேசைக்கு இறங்கின. யாரும் வெளியே போகவில்லை. தோளோடு தோள் உரச அறை வாசலில் நின்றார்கள். அடுத்து என்ன ஆகுமோ, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சுருட்டைக்குப் பயம் விட்டுப்போயிருந்தது.

போன்கள் விடாமல் அடித்தன. கடைசியில் முதலாளியே ஒன்றை எடுத்தார். "உங்க நெட்…" என்று ஆரம்பித்தவர், வாசலில் நின்ற முகங்களைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டார்.