காலில் போட்ட கோடு

கொசு கொழும்புக்காரனைப் பிடித்த கேடு, இந்தக் குளிருக்கு அது மலையேறாது என்பது சோலைமலைக் கிழவரின் தீர்ந்த முடிவு. அதனால் மகள் லெட்சுமியின் கெண்டைக்காலில் புண் வந்தபோது அவர் யோசிக்கவே இல்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கிற காலில் அட்டைக்கடி இல்லாமல் வேறென்ன? புகையிலையையும் சுண்ணாம்பையும் குழைத்து அப்பிவிட்டார். கால் பூசணிக்காயாக வீங்கி, குளிர்காய்ச்சலும் வந்துவிட்டது.

காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டபோது லெட்சுமியைக் காணோம் என்று கேள்விப்பட்டு, லயத்து வரிசை வீட்டுக்கே ஏறி வந்தாள் நிரோஜினி. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் மிஸி. சுண்ணாம்பைக் கழுவிப் பார்த்தவளின் முகம் சுண்டிப்போனது.

“அட்டை கடிச்சா ரத்தம் நிக்காம ஓடும் தாத்தா. இது கொசு. கடிச்ச எடத்த அக்கா சொறிஞ்சு, நகத்து அழுக்கோட கிருமி உள்ள போயிருக்கு. இப்பவே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“ஏன், காலை வெட்டி எடுக்கவா? என் தம்பி ரெண்டு காலோட போனான், ஒத்தக் காலோட வந்தான்.”

“எப்பப் போனாரு?”

“கால் கறுத்த பொறகு.”

“அதான் சொல்றேன், கறுக்குறதுக்கு முன்ன வாங்கன்னு.”

கிழவர் அப்போதும் பிடியை விடவில்லை. “வெள்ளைச் சட்டைக்காரங்க பேச்சை நான் நம்புறதில்ல மிஸி.”

“என் பேச்ச நம்பாதீங்க. ஒங்க கண்ணை நம்புங்க.” பேனாவை எடுத்து, சிவப்பு நின்ற ஓரத்தைச் சுற்றி லெட்சுமியின் காலில் கோடு போட்டாள். “சிவப்பு இதத் தாண்டினா மறுபேச்சுப் பேசாம வரணும். சம்மதமா?”

“நமக்குக் காணி குடுக்காட்டியும் எல்லை போட்டுட்டாங்கப்பா,” என்று காய்ச்சலிலும் சிரித்தாள் லெட்சுமி.

கிழவர் தலையாட்டினார். சொன்ன சொல் மாறமாட்டார், அவருக்கு இருந்த சொத்தே அதுதான். மகளின் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் சிவப்பு கோட்டைத் தொட்டது. வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. சாயங்காலம் பனிமூட்டம் இறங்கும்போது சிவப்பு கோட்டைத் தாண்டி முழங்கால் பக்கம் ஏறியிருந்தது.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினார். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்பாள் மிஸி, வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்றுதான் போனார். அவளோ ஏற்கெனவே ஆட்டோவைச் சொல்லி நிறுத்தி வைத்திருந்தாள்.

“ஏறுங்க தாத்தா, அக்காவக் கூட்டிட்டுப் போவோம்.” அவ்வளவுதான்.

ஊசி மேல் ஊசி போட்டார்கள். கால் பிழைத்தது.

லெட்சுமி வார்டில் இருக்கும்போதே மிஸி மறுபடியும் லயத்துக்கு வந்தாள், அதுவும் லீவு நாளில். கூரைத் தகரத்தைக் காற்று பிடுங்காமலிருக்க சோலைமலை பழைய டயர்களை ஏற்றி வைத்திருந்தார். கினிகத்தேனை டவுனிலிருந்து லொறியில் கொண்டுவந்தவை, லயமே மெச்சிய வேலை. மிஸி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு விறுவிறுவென்று ஏணியில் ஏறினாள். ஒரு டயருக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் மொண்டு வந்து நீட்டினாள். உள்ளே கொசுப்புழு நெளிந்து நெளிந்து துள்ளியது.

தன் தலைக்கு மேலே தன் கையாலேயே வைத்த பண்ணை. கிழவர் கோப்பையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“ஏசுறதுன்னா ஏசிரு மிஸி.”

“ஏசி என்னத்துக்கு? டயர எறக்கினா கூரை பறந்துரும். தண்ணி தங்காம ஓட்டை போடுவோம். கம்பி இருந்தா அடுப்புல பழுக்கக் காய வைங்க.”

அந்தப் பேச்சில்தான் கிழவரின் மனசு விழுந்தது. வந்து போன ஐயாமார் எல்லாருக்கும் ‘எடு, தூக்கி எறி’ என்று சொல்லத்தான் தெரியும். காற்றடித்தால் இந்தத் தகரம் என்ன பாடுபடும் என்று யோசித்தவள் இவள் ஒருத்திதான்.

“ஒன்னையப் பெத்த வயிறு குளிரட்டும் தாயி,” என்றபடி ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

லெட்சுமி வீடு வந்தபோது சிவப்பு கோட்டுக்குள்ளே சுருங்கிப்போயிருந்தது. மங்கிக் கிடந்த பேனாக் கோட்டைத் தேய்க்க அவள் சவர்க்காரத்தை எடுத்தாள்.

“வை புள்ள. அது கெடக்கட்டும்.”

“மலையில எல்லாரும் சிரிப்பாங்கப்பா.”

“சிரிக்கட்டும். கேட்டா, கொசு கடிச்சதுன்னு சொல்லு. இந்த மலையில கொசு இருக்குன்னு எங்கப்பனே சொல்லிட்டாருன்னும் சொல்லு.”