காற்றுக்குப் பொறுமை கிடையாது

டயர்க் கடைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று, தெருவில் வழங்கிய பேர் 'புருவம்'. இருப்பதைச் சொல்லி யார் பட்டப்பேர் வைக்கிறார்கள்? போன வருஷம் ஒரு லாரி டயர் அவருடைய இரண்டு புருவங்களையும் கூலியாக வாங்கிக்கொண்டு போயிருந்தது. திரும்ப முளைத்ததும் அரைகுறைதான்.

ட்யூப் இல்லாத டயரில் உள்ள வம்பு அது. டயரின் விளிம்பு ரிம்மோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் காற்று நிற்கும். காற்று நின்றால்தான் விளிம்பு உட்காரும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். கார் டயர் என்றால் கம்ப்ரெசரே சமாளித்துவிடும். லாரி டயர் அதற்கெல்லாம் மசியாது. அப்போது புருவம் டயருக்குள் கொஞ்சம் பெட்ரோல் தெளித்துத் தீக்குச்சியைக் கிழித்துப் போடுவார். குபீரென்று வெடித்து, விளிம்பு ரிம்மில் போய் உட்காரும். வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் குஷி. அவர் மனைவி மட்டும் நனைத்த சாக்கோடு பக்கத்தில் நிற்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். திட்டித் தீர்த்திருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளுடைய தம்பி பிளம்பர். ஒருநாள் காலையில், உடைக்கப் போட்ட லாரி ஒன்றின் பிரேக் காற்றுத் தொட்டியைத் தோளில் சுமந்துவந்து கடை வாசலில் இறக்கினான்.

"என்னடா இது?"

"உங்களுக்குத்தான் மாமா. நெருப்புக்குப் பதிலா காத்து. இதுல அடைச்சு வெச்சு, டயருக்குள்ள மொத்தமா விட்டா விளிம்பு உக்காந்துடும்."

"நீ குழாயைப் பாருடா. டயரை நான் பாத்துக்கறேன்."

அவன் கேட்டால்தானே! தினமும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தான். தொட்டிக்குள் டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று பார்த்தான். தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்தான். காற்று ஏற்ற ஒரு வாய், அழுத்தம் காட்ட ஒரு மீட்டர், அளவு மீறினால் தானே திறந்துகொள்ளும் வால்வு ஒன்று என்று வரிசையாகப் பூட்டினான். காற்று வெளியேறும் தடித்த இரும்புக் குழாயின் நுனியை வாத்து மூக்கு மாதிரி தட்டையாக்கினான். புருவமும் கூடமாட ஒத்தாசை செய்தார், நம்பிக்கையில்லாமல்தான்.

செங்கல் லாரிக்காரர் தன் டயரை உருட்டிக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் வெள்ளோட்டம். மச்சான் தொட்டியில் காற்று ஏற்றி, குழாயின் வாயை டயருக்கும் ரிம்முக்கும் நடுவே வைத்து, குழாயில் பூட்டியிருந்த கேட் வால்வின் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்தான். புஸ்ஸ்... என்று காற்று போய்க்கொண்டே இருந்தது. டயர் அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

லாரிக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, டயருக்கு விசிறி விடுறாரா? லோடு நிக்குது. எப்பவும் போல கொளுத்திப் போடுங்க, நிமிஷ வேலை."

புருவத்தின் கை பெட்ரோல் பாட்டிலுக்குப் போனது. மனைவி எழுந்து சாக்கைத் தண்ணீரில் முக்கினாள். அவளுடைய கை நடுங்கிய நடுக்கத்தில் வாளித் தண்ணீர் தளும்பியது. இத்தனை நாளும் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் அந்தக் கையைப் பார்த்தார்.

பாட்டிலை மூடி வைத்தார். "ஏன்டா, இவ்வளவு மெதுவாவா தெறப்பாங்க?"

"மெதுவாத்தான் மாமா தெறக்கணும். படார்னு தெறந்தா குழாய் உதறும், மூட்டு விட்டுப்போகும். தொழில் கத்துக்கிட்ட நாள்லேர்ந்து அப்படித்தான்."

சாக்கைப் பிடித்தபடியே அவள் சொன்னாள். "நீ தண்ணிக்குச் செஞ்சிருக்கடா. இது காத்து."

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, ஒரு தட்டில் முழுதாகத் திறக்கும் கைப்பிடி வால்வு வாங்க ஓடினான். முணுமுணுத்த லாரிக்காரரைப் பார்த்துப் புருவம் சொன்னார். "ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா? உக்காருங்க."

வால்வை மாற்றி, பழையபடி காற்று ஏற்றி, மீட்டர் முள் ஏறி நின்றதும், மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைத் தட்டினான். டமாரென்று ஒரு சத்தம். விளிம்பு ரிம்மில் அறைந்து உட்கார்ந்தது. புகை இல்லை, நெருப்பு இல்லை. புருவம் அவசரமாக மிச்சக் காற்றை ஏற்றினார்.

லாரிக்காரர் போன பிறகு கேட்டார். "நான் கேக்கவேயில்லையே. எதுக்குடா இவ்வளவு பாடு?"

"அக்காதான் மாமா. எனக்குப் பெரிய கட்டட வேலை ஒண்ணு கெடச்சுது. உனக்கு என்ன வேணும், எது கேட்டாலும் வாங்கித் தரேன்னு அக்காகிட்ட சொன்னேன். 'எனக்கு ஒண்ணும் வாங்க வேணாம், உங்க மாமா தீக்குச்சி கிழிக்காம இருக்க ஒரு வழி பண்ணிக் குடு'ன்னா."

நன்றி என்பது மேடையில் சொல்கிற வார்த்தை, வீட்டில் சொன்னால் வாய் கோணும். புருவம் மச்சானின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மனசு முழுக்க அந்தத் தட்டில் இருந்தது, அவனுக்கும் அது புரிந்தது. உள்ளே போனார். அவள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"தம்பிகிட்ட நீதான் கேட்டியாமே."

"ஆமா."

"உனக்குன்னு ஏதாவது கேட்டிருக்கலாம்ல?"

அவள் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்குன்னுதான் கேட்டேன்."