வெள்ளை ஞாயிறும் பேன் மருந்தும்

பேனுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. பாதிரியார் வீட்டுத் தலை, மீன்காரன் வீட்டுத் தலை என்று அது தரம் பிரிப்பதில்லை. இது புவாதினோவுக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனாலும் மகள் இயனெதாவின் காதுக்குப் பின்னால் அது ஊர்ந்து போனதைப் பார்த்தபோது, தன் வீட்டுக் கூரை பிய்ந்து ஊரே உள்ளே எட்டிப் பார்ப்பது போல அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கூசாமல் என்ன செய்யும்? அவள் ஞாயிறு பள்ளி டீச்சர். போன மாதம் பாட்டுப் பயிற்சியில் பக்கத்து வீட்டு எலெனோவாவின் மகள் லூபே தலையைச் சொறிந்தாள் என்பதற்காக, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க அவளை எழுப்பிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியவள். அதோடு விட்டாளா? "வீடு சுத்தமா இருந்தா தலையும் சுத்தமா இருக்கும்" என்று ஒரு போதனை வேறு. அன்று பேனைப் பெருமாளாக்கியது இந்த வாய்தான். அடுத்த வாரம் லூபே மொட்டைத் தலையோடு வந்து, யாரும் சொல்லாமலே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். 'அம்மாக்காரிக்கு இப்பவாவது புத்தி வந்ததே' என்று டீச்சர் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

இப்போது பிள்ளைகளின் திருநாளான வெள்ளை ஞாயிறு வருகிறது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தலை முதல் கால்வரை வெள்ளை உடுத்தி, சபைக்கு முன்னால் நின்று வசனம் ஒப்பிக்கிற நாள். முதல் வரிசையில், நடுவில் நிற்கப் போகிறவள் இயனெதா. பத்து வயதில் இடுப்புவரை முடி. அந்த முடியைப் பார்த்துப் பெருமூச்சு விடாத பெண் ஊரில் இல்லை.

உள்ளூர் மருத்துவமனையில் கேட்கலாம் என்றால், மருந்து கொடுக்கிற நர்ஸ் எலெனோவாவுக்குச் சித்தி மகள். கேட்ட மறுநிமிஷம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் புவாதினோ, தைக்க நூல் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பஸ் ஏறி, தீவின் படகுத்துறை இருக்கிற சலெலோலோகா டவுனுக்குப் போனாள். மருந்துக் கடையில் ஆள் கூட்டம் குறையும்வரை சோப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு" என்றாள், கடைக்காரப் பெண்ணிடம், குரலைத் தணித்து.

அந்தப் பெண்ணுக்குத் தணிந்த குரல் என்றால் என்னவென்றே தெரியாது. "பேன் மருந்தா? பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கடை அதிரக் கேட்டாள். "பத்தா? அப்ப சரி. கைக்குழந்தைக்கெல்லாம் இத வைக்கக் கூடாது, பாத்துக்குங்க. காஞ்ச முடியில தடவச் சொல்லுங்க. கண்ணுல படாம துணி கட்டிக்கணும். தலையில புண்ணு இருந்தா தொடவே கூடாது. ராத்திரி பூரா தானா காயட்டும், காலைல அலசிட்டு பேன் சீப்பால வாரணும். பிளாஸ்டிக் பை எதுவும் போட்டு மூடக் கூடாது. முக்கியமா, இதுல ஸ்பிரிட் இருக்கு. பத்திக்கும். அடுப்பு, விளக்கு, பீடி, சிகரெட்டு எதுவும் கிட்ட வரக் கூடாது. வீட்டுல எல்லார் கிட்டயும் சொல்லிடச் சொல்லுங்க. எல்லார் தலையையும் ஒருவாட்டி பாத்துரணும்."

"சொல்றேன்."

"எங்க, அந்தப் பக்கத்து வீட்டம்மா கிட்ட என்ன சொல்வீங்கன்னு எனக்கு ஒருதடவ சொல்லிக் காட்டுங்க?"

புவாதினோ சொல்லிக் காட்டினாள். வசனம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, ஒன்று விடாமல். காது இரண்டும் எரிந்தன.

சனிக்கிழமை சாயங்காலம், எல்லாரும் சமையல் கொட்டகையில் மறுநாள் விருந்துக்கான வேலையில் இருந்தபோது, மகளை வீட்டுக்குப் பின்னால் வாழை மரங்களுக்கு நடுவே உட்கார வைத்தாள். கண்ணுக்கு மேல் துண்டைக் கட்டினாள். மருந்தைத் துளித் துளியாக விட்டு, வேர்க்கால்வரை விரலால் தடவினாள். முடி சொதசொதவென்று நனைந்தது.

"எரியுதும்மா."

"புண்ணு இருக்கா? காட்டு." கழுத்து, காது, உச்சி எல்லாம் விலக்கிப் பார்த்தாள். புண் இல்லை. "குளுகுளுன்னு இருக்குறதுதான் அப்படித் தெரியுது. கொஞ்ச நேரம் பொறு. இது ஸ்பிரிட் மாதிரி, பத்திக்கும். அடுப்புப் பக்கமே போகக் கூடாது, தெரியுதா?"

"ம்."

"அதவிட முக்கியம். யார் கேட்டாலும் தலைக்குக் குளிச்சேன்னு சொல்லு. மருந்துன்னு வாயத் தொறந்தே, அவ்வளவுதான்."

அதைவிட முக்கியம் என்றாளே, அந்த வார்த்தையைத்தான் பிள்ளை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் எப்போதும் நாம் அழுத்திச் சொன்னதைத்தான் கேட்கும்.

இதில் ஒரு கணக்கும் போட்டிருந்தாள் புவாதினோ. வெள்ளை ஞாயிறு முடியும்வரை யாரும் பிள்ளைகளை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். விறகு எடு, தேங்காய் துருவு என்று எந்தக் குரலும் வராது. அப்படியிருக்க அடுப்புப் பக்கம் இவளுக்கு என்ன வேலை? கணக்கு சரிதான். அன்பாகக் கூப்பிடுவார்கள் என்பதை மட்டும் கணக்கில் எடுக்க மறந்துபோனாள்.

கை கழுவிவிட்டுச் சேப்பங்கீரைக் கட்டோடு அவள் கொட்டகைக்கு வந்தபோது, இயனெதா அடுப்பிலிருந்து நாலு முழத் தூரத்தில் நின்றாள். அவள் கையைப் பிடித்திருந்தவள் மகெரிதா, புவாதினோவின் கணவனுக்கு அக்கா. அகலமான இரும்புச் சட்டியில் கொக்கோ விதை வறுபட்டுக்கொண்டிருந்தது. எலெனோவா ஓரமாகத் துருவல் பலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இன்னும் மூன்று நான்கு பெண்கள் இலை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாரு உன் பொண்ணை! இந்நேரத்துல தலைக்குக் குளிச்சிருக்காளாம்" என்றாள் மகெரிதா. "சொட்டச் சொட்ட நிக்கிறா. நாளைக்கு வசனம் சொல்றதுக்குப் பதிலா இருமப் போறா. வாடி தங்கம், அத்த அனல்ல காய வெச்சு விடறேன்."

இயனெதா நகரவில்லை. அம்மாவையே பார்த்தாள்.

புவாதினோ வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து எலெனோவா துருவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். புவாதினோவின் கண் அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

"விடுங்க அண்ணி" என்றாள். "அவ வசனம் படிக்கணும்."

"இங்கயே படிக்கட்டுமே. நாங்க என்ன காதுல பஞ்சா வெச்சிருக்கோம்?" மகெரிதா பிள்ளையின் முடியை இரண்டு கையாலும் அள்ளி, விரித்து, ஓர் எட்டு அடுப்புப் பக்கம் நகர்ந்தாள். "என்னடி இது, என்ன வாசனை? புது ஷாம்பூவா?"

"அவளுக்குப் புகை ஒத்துக்காது, அண்ணி."

"நேத்துவரைக்கும் இதே அடுப்புல வாழக்கா சுட்டுத் தின்னவளுக்கு இன்னைக்குப் புகை ஒத்துக்கலயா! டீச்சர் வீட்டுப் பிள்ளைன்னா மூக்கும் தனி போல."

பெண்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே ஒருத்தி காய்ந்த தென்னம்பாளையை எடுத்து அடுப்புக்குள் தள்ளினாள். படபடவென்று தீ எழுந்தது. பொறி பறந்தது.

புவாதினோவின் கையிலிருந்து கீரை விழுந்தது. "மருந்து!" என்று அலறினாள். "பேன் மருந்து! தலையில பேன் மருந்து, பத்திக்கும்! விடுங்க, விடுங்க!"

பாய்ந்து மகளை இடுப்போடு தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே ஓடினாள். பலா மரத்தடிவரை ஓடிய பிறகுதான் நின்றாள். முடியை, கழுத்தை, முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு முடிகூடக் கருகவில்லை. "அண்ணி, கையக் கழுவுங்க! உங்க கையிலயும் ஒட்டியிருக்கும்! அடுப்ப விட்டுத் தள்ளி வாங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள். கத்தின சத்தத்தில் ஆண்கள் ஓடி வந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்தும் தலைகள் முளைத்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவளுக்கு இப்போது பூசணிக்காயும் இல்லை, சோறும் இல்லை.

மகெரிதா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மூச்சு வாங்க வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "பாவி, முதல்லயே சொல்றதுக்கு என்னடி? நான் கையால கொளுத்தியிருப்பேனே பிள்ளைய!" அழுகை வந்தது அவளுக்கு. பிறகு முந்தானை இல்லாத குறைக்கு இடுப்பில் சுற்றியிருந்த லாவாலாவாத் துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துவிட்டு, "எனக்கும் ரெண்டு நாளா அரிக்குது. வேர்க்குருன்னு நெனச்சேன். எல்லாரும் ஒரே பாயிலதானே படுக்கறோம்" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். புவாதினோவால் தலை நிமிர முடியவில்லை. பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலாம் என்றிருந்தது.

எலெனோவா சிரிக்கவில்லை. கையில் தேங்காய்ப் பூ ஒட்டியிருக்க, கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"அதுக்கு மருந்து இருக்கா, டீச்சர்?"

"இருக்கு. டவுன்ல."

"எனக்குத் தெரியாது. நான் மண்ணெண்ணெய் ஊத்தினேன். எங்கம்மா எனக்கு அப்படித்தான் செஞ்சாங்க. லூபேக்குத் தோலு கொப்புளிச்சுப் போச்சு. புண்ணுக்கு மருந்து தடவ வழியில்லாம முடிய எடுத்துட்டோம்." குரலில் கோபமே இல்லை. "அன்னைக்கு அவளப் பின்னாடி போன்னு சொன்னீங்களே, அப்ப என்னைக் கூப்பிட்டு இதச் சொல்லியிருக்கலாம்."

புவாதினோ எதையோ சொல்ல வந்தாள். தப்புதான் என்றோ, மன்னிச்சிரு என்றோ. அதற்குள் சாயங்கால ஜெபத்துக்குச் சங்கு ஊதினார்கள். எல்லாரும் அவரவர் வீட்டுக்குள் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் மகளின் தலையை அலசி, பேன் சீப்பால் பிரித்துப் பிரித்து வாரினாள். செத்த பேன்கள் வெள்ளைத் துணியில் எள்ளாக விழுந்தன. ஒளிந்துகொள்ளவில்லை. வாசலில் உட்கார்ந்தேதான் வாரினாள். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். சபையில் லூபேயைக் கைப்பிடித்து அழைத்து வந்து முதல் வரிசையில் இயனெதா பக்கத்தில் நிறுத்தினாள். ஊர் அதையும் பார்த்தது. பிள்ளைகள் இருவரும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்கள். எலெனோவா தூரத்திலிருந்து ஒரு தரம் தலையசைத்தாள். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போலிருந்தது புவாதினோவுக்கு. வெட்கம் தீர்ந்துவிட்டது என்றே நம்பினாள்.

மதியம் விருந்து. அன்றைக்குப் பிள்ளைகள்தான் முதலில் சாப்பிடுவார்கள். பெரியவர்கள் நின்று பரிமாற வேண்டும், விசிற வேண்டும், கேட்டதைக் கொடுக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் அன்று அதட்டக் கூடாது. புவாதினோ மகளுக்கு முன்னால் குனிந்து கோப்பையில் கொக்கோ ஊற்றினாள்.

"அம்மா."

"என்னடா கண்ணு?"

"நேத்து அத்த என்னைப் பிடிச்சப்ப, நீ சொல்லுவேன்னு உன்னயே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சொன்னேனே. கத்தினேனே."

"அது அப்புறம்." இயனெதா கோழிக் காலைக் கடித்து, மென்று, விழுங்கினாள். குற்றம் சாட்டுகிற முகமே இல்லை. பார்த்ததைச் சொல்கிற முகம். "முதல்ல நீ என்னைப் பாக்கல. எலெனோவா சித்திய பாத்த. அப்புறம் ரெண்டு பொய் சொன்ன. அப்புறம்தான் தீ வந்துச்சு."

சுற்றிலும் சத்தமும் சிரிப்பும். வேறு யாருக்கும் இது கேட்கவில்லை. ஊர் முழுக்கப் பார்த்த வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அந்த நொடியில் புவாதினோவுக்குத் தெரிந்தது. இல்லை என்று சொல்லலாம். பிள்ளை நம்பினாலும் நம்பும்.

"ஆமாண்டா" என்றாள்.

இயனெதா தலையாட்டிவிட்டுக் கோப்பையை நீட்டினாள். அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். மகள் முகத்தையே பார்த்து ஊற்றியதில் பாதி பாயில் சிந்தியது.