எங்கள் தொழுவத்தில் ஒரு வாடகை மாடு

எங்கள் வீட்டுக்குள் போக நாங்களே வரிசையில் நிற்கும் காலம் வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்றிருப்பேன். வந்துவிட்டது. இந்தத் தெருவில் எல்லாமே பழைய கல்வீடுகள். ஒரே கூரைக்கு அடியில் இந்தப் பக்கம் மனிதர்கள், அந்தப் பக்கம் மாடுகள். பால் கம்பெனி வண்டி வருவது நின்றதும் ஒவ்வொருவராக மாடுகளை விற்றோம், அப்புறம் வீடுகளையும். எங்களுடையதை வாங்கியவர்கள் மியூசியம் ஆக்கிவிட்டார்கள். தொழுவத்தில் இப்போது பினாயில் மணக்கிறது.

திறப்பு நாளன்று பால் கறந்து காட்ட என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாடுகள் போனதிலிருந்து என்னிடம்கூட அளந்து பேசியவர், ஒரு வாரமாக ஓயாமல் பேசினார். தன் தொழுவத்தில் இன்னொரு முறை உட்கார்ந்து கறக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்படித் தலை சீவலையே நீங்க" என்றேன்.

"அன்னைக்கு மாடு இல்லையே" என்றார்.

மாடு வேனில் வந்து இறங்கியது. தடவிக்கொடுத்துவிட்டு, மியூசியத்துப் பெண்ணிடம் கேட்டார்: "கன்னு எங்கம்மா?"

"மாட்டுக்கு மட்டுந்தான் சார் பேசினோம்."

"கன்னு முட்டாம இது பாலை விடாதேம்மா. புது எடம் வேற."

அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "பரவால்ல சார், வாளியில பாக்கெட் பால் ஊத்தி வச்சிருக்கேன். நீங்க கையை மட்டும் ஆட்டுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாங்க, போலாம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் தொழுவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மாடு அசையாமல் நின்றது. அவர் வெறும் காம்பை இழுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் கைதட்டியது, படம் எடுத்தது, காபி குடிக்கப் போய்விட்டது.

அவர் எழுந்திருக்கவில்லை. நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்து, ஏதோ பேசியபடி மடியை நீவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துச் சர்ரென்று சத்தம் கேட்டது. பால் இறங்கிவிட்டது. அவர் அழுதுகொண்டே கறந்தார்.

வாளி நிறைந்து எழுந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. பால் இறங்கிய அவசரத்தில் வாளியை மாற்ற மறந்து, பாக்கெட் பாலின் மேலேயே கறந்திருந்தார்.

"வீட்டுக்குக் கொண்டு போவோமே" என்றேன்.

"இதையா?" என்றார். கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு போகும்வரை அங்கேயே நின்றார்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "சூப்பரா பண்ணீங்க சார். நாளைக்கும் வருவீங்கல்ல?"

"கன்னையும் ஏத்திட்டு வரச் சொல்றியாம்மா?"

"வேன்ல எடமில்ல சார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அப்ப நாளைக்கும் பாக்கெட் பாலை ஊத்தி வச்சிடும்மா" என்றார். "நான் வந்துடறேன்."