ஏழாவது வளையம்

அந்தக் குண்டுகள் ஆறுவதற்கு முப்பத்தொன்பது நாள் ஆயிற்று. சாதாரணமாக ஈயம் ஆற ஓர் இரவு போதும். அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் வைத்தால் மறுநாள் காலை வெறும் கையால் எடுக்கலாம். டெல்ஃபியா கோகர் குண்டு வார்க்கும் இந்த வேலையைப் பதினொரு வருடத்துக்கும் மேலாகச் செய்துவந்தாள், அதனால் அவள் ஏதோ தவறு செய்துவிட்டாள் என்று லிக் ஃபோர்க் ஊரில் யாரும் சொல்லவில்லை. பள்ளத்தாக்கில் குழல்வாய் வழியாக வெடிமருந்து இடித்துச் சுடும் பழைய நீளத் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் குண்டு வார்த்துக் கொடுத்தாள். குண்டு மெத்தென்று இருந்தால்தான் குழலுக்குள் இருக்கும் சுழல்வரிகளைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். ஆனால் ஆண்கள் கார் சக்கரத்தைச் சமன் செய்ய அடிக்கும் ஈயத்தையும் பொறுக்கிக் கலந்து கொண்டுவந்தார்கள், அது கடினமான ஈயம். எனவே வார்த்த குண்டுகளை அவள் ரொட்டி சுடும் அடுப்பில் ஒரு மணி நேரம் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டு இளக்கினாள். பிறகு ஒவ்வொன்றாகக் கொழுப்பு தடவி, ஓர் இரும்பு வளையத்தின் வழியே நெம்புகோலால் அழுத்தித் தள்ளினாள். மறுபக்கம் விழும்போது குண்டு துப்பாக்கியின் அளவுக்கு வந்திருக்கும். எந்த இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே வாய் கிடையாது என்பதால் ஆளுக்கு ஒரு வளையம். அவை சமையலறை ஜன்னல் சட்டத்தில், ஏழு ஆணிகளில் தொங்கின. ஐந்து, இன்னும் சுடுகிறவர்களுடையவை. ஆறாவது, இறந்துபோன அவள் கணவன் ஆர்விலுடையது. ஏழாவது ஆணி காலி. அது ரேன்சம் ஸ்லேவனுடையது. ஆர்விலைப் புதைத்த வாரம் அவன் வந்து, இனிமேல் சுடப்போவதில்லை என்று சொல்லி வளையத்தைக் கழற்றிக்கொண்டு போனான். அன்றிலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் அவளுடைய குளிர்காலத்துக்கான விறகை வெட்டிக் கொண்டுவந்து அடுக்கினான். காசு வாங்கமாட்டான். வீட்டுக்குள் வரவும் மாட்டான்.

ஆர்வில் இறந்தது நவம்பர் மாட்டுப் பந்தயத்தன்று. அந்தப் பந்தயத்தில் ஒரு கிடேரியைப் பணயம் வைத்து மரத்தைப் பார்த்துச் சுடுவார்கள். முதல் நான்கு பேருக்கு நான்கு கால்பங்கு இறைச்சி, ஐந்தாமவனுக்குத் தோலும் கொழுப்பும். ஆறாவது வந்தவனுக்கு, குறிமரத்தில் அன்று புதைந்த ஈயம் முழுவதும். ஆர்வில் அநேகமாக ஆறாவதுதான் வருவான். வேண்டுமென்றேதான் வருகிறான் என்று பேச்சு. "மாடு எங்களுக்கு, மரம் உனக்குடா ஆர்வில்!" என்று எஸ்டல் ஹாட்மேக்கர் வருடா வருடம் கத்துவான். "தின்னு பாருங்கடா, மாடு ரெண்டு வாரத்துல தீந்துரும், என் மரம் அடுத்த நவம்பர் வரைக்கும் வரும்" என்பான் ஆர்வில். இன்னொரு வழக்கமும் உண்டு. நிரப்பிய துப்பாக்கியோடு யாரும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. குழலுக்குள் போனதை வெளியே எடுக்க, சுடுவதுதான் சுலபமான வழி. ஆகவே பந்தயம் முடிந்து போகும்போது கைவசம் நிரப்பிய துப்பாக்கி இருப்பவன் குறிமரத்தில் ஒரு வெடி வெடித்துவிட்டுப் போவான்.

அந்த வருடம் எல்லோரும் கலைந்த பிறகு, இருட்டும் நேரத்தில் இரண்டு வெடி கேட்டது. இரண்டுக்கும் நடுவே, ஒருவன் நிதானமாக அறுபது கஜம் நடக்கும் நேரம் இருந்தது என்று கேட்டவர்கள் சொன்னார்கள். ஆர்வில் குறிமரமான அந்தப் பீச் மரத்தடியில் கிடந்தான். நெஞ்சில் குண்டு நுழைந்து முதுகு வழியாக மரத்துக்குள் போயிருந்தது. பக்கத்தில், சுட்டுக் காலியான அவனுடைய துப்பாக்கி. மரத்தில் ஈயம் எடுக்கப் பாதி தோண்டிய குழியில் உளி நின்றது. முதல் வெடி, யாரோ துப்பாக்கியைக் காலி செய்தது. இரண்டாவது, ஆர்வில். அந்தக் கோடையில்தான் அவனுடைய புகையிலைக் கொட்டகை எரிந்துபோயிருந்தது, எனவே யாருக்கும் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு நீளமான குழலை நெஞ்சில் வைத்துக்கொண்டால் விசைக்குக் கை எட்டாது. திணிக்கும் கோலால் தள்ளியிருப்பான் என்று பார்க்க வந்த அதிகாரி எழுதிக்கொண்டார். முதல் வெடி யாருடையது என்று அவர் கேட்கவில்லை. எல்லோரும் செய்வதை யார் செய்தார் என்று கேட்பதில் என்ன இருக்கிறது.

தன்னைத்தானே கொன்றவனுக்கு லிக் ஃபோர்க் சர்ச்சின் கல்லறை வேலிக்குள் இடமில்லை. ஆர்விலை வேலிக்கு வெளியே, பன்றிகள் மேயும் பக்கம் புதைத்தார்கள். வேலிக்குள் டெல்ஃபியாவுக்கு இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது. அதில் பாதியில் புல் வளர்ந்துகொண்டிருப்பதை அவள் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தாள். ஈஸ்டர் முடிந்ததும் வருடத்துக்கு ஒரு முறை போதகர் மேலனிடம் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள். அவரும் ஒரே பதிலைச் சொன்னார். "சபைக்கு முன்னால யாராவது வேற மாதிரி சாட்சி சொன்னா வேலியைத் தள்ளிப் போடலாம், சகோதரி. சொல்ல யாரு இருக்கா?"

பந்தயம் வேறு மரத்துக்கு மாறியது. பழைய பீச் மரத்தில் இருந்த ஈயம் ஆர்வில் ஜெயித்தது என்பதால் யாரும் அதைத் தொடவில்லை. டெல்ஃபியாவும் தொடவில்லை. பதினோராம் வருடம் ஆகஸ்டில், காற்றே இல்லாத ஒரு மத்தியானத்தில் மரம் தானாகச் சாய்ந்தது. ரம்பத்தின் பல் போய்விடும் என்று மரவாடிக்காரன் அதை வாங்க மறுத்தான். அவளே கோடாரியோடு போனாள். ஈயம் ஒரே கட்டியாக, மரம் அதைச் சுற்றித் தழும்பு கட்டி வளர்ந்த நிலையில் கிடைத்தது. உருக்கி, கசடு எடுத்து, இருபத்து மூன்று குண்டு வார்த்து, வியாழக்கிழமை அடுப்பில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை குண்டுகள் கதகதப்பாக இருந்தன. சனிக்கிழமையும் அப்படியே. ஜுரம் பார்க்கும் கண்ணாடிக் குழாயைத் தட்டில் வைத்தாள். நலமாக இருக்கும் ஒருவர் வாயில் எவ்வளவு காட்டுமோ அவ்வளவு காட்டியது. பால் கெடாமல் வைக்கும் குளிர்ந்த ஊற்றுத் தொட்டியில் போட்டு வைத்தாள். மறுநாள் அதே தொட்டியில் நின்ற பால் திரிந்திருந்தது. கோழிக்கூட்டில் வைத்தாள். பெட்டை எழுந்து மேயப் போனபோதும் முட்டைகள் குளிரவில்லை, இருபத்தோராம் நாள் எல்லாம் பொரிந்தன. எஸ்டலின் மனைவி லுவர்னா தோள்வலிக்கு நல்லதென்று ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனாள். வலி அரை மணியில் போயிற்று. ஆனால் அன்று முழுவதும் அவளுக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை, காரணமும் தெரியவில்லை. சாயங்காலம் அதைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

வளையத்தில் தள்ள வேண்டிய நாள் வந்ததும் டெல்ஃபியா முதலில் ஆர்விலின் வளையத்தைத்தான் எடுத்தாள். ஈயம் அவனுடையது. குண்டு நுழையவில்லை. நெம்புகோலில் உடம்பு முழுவதையும் சாய்த்தாள், கைப்பிடி வளைந்தது. அளவுகோலால் அளந்தாள். குண்டு வளையத்தைவிட ஒரு தலைமயிர் அளவுகூடப் பெரிதில்லை, சிறிதுதான். இருந்தும் நின்றது. மற்ற ஐந்து வளையத்திலும் நின்றது. கடைசியாகத் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி, மேஜைமேல் பிடித்துக்கொண்டு, அதற்குள் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். விரல் தாராளமாக நுழையும் மோதிரத்தின் நடுவில், எதன்மேலும் படாமல் குண்டு நின்றது. அவள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, எடுத்து வைத்துவிட்டு, பீன்ஸ் வேகவைக்கப் போனாள்.

செய்தி பரவி, சுடுகிற ஐந்து பேரும் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். ஆளுக்கு ஒரு முறை நெம்புகோலை அழுத்திப் பார்த்தார்கள்.

"டெல்ஃபியா, உன் ஈயம் மாசமா இருக்கு" என்றான் எஸ்டல். "அதான் உள்ள போகமாட்டேங்குது. பேறுகாலம் ஆகட்டும், விட்டுரு."

"நீ போன வருஷம் சுட்டத விட இது நேராத்தான் நிக்குது" என்றாள் டெல்ஃபியா.

மற்றவர்கள் சிரித்தார்கள். எஸ்டலும் சிரித்தான்.

"ஆறு வளையம் பாத்தாச்சு" என்றாள் அவள். "இன்னும் ஒண்ணு இருக்கு."

எஸ்டல் ஜன்னல் பக்கம் பார்த்தான். காலி ஆணியைச் சுற்றி மரச்சட்டத்தில் வட்டமாக வெளுத்த அடையாளம் இருந்தது.

"ரேன்சம் சுடுறத விட்டுட்டானே, அக்கா." ஹாட்மேக்கர் குடும்பத்தில் அதுவரை அவளை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"சுடுறத விட்டான். வளையத்த எடுத்துட்டுப் போனான்."

அதற்குப் பிறகு யாரும் வேடிக்கை பேசவில்லை. மோர் குடித்தார்கள், தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்கள். வழியில் ஓடைக்கு அந்தப் பக்கம் ரேன்சம் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவர்களில் ஒருவனும் அன்று அவனைப் பார்த்துக் கை தூக்கவில்லை. ரேன்சம் கோடாரியை நிறுத்தி, அவர்கள் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

அக்டோபரில் அவன் வழக்கம்போல வண்டியில் விறகு கொண்டுவந்தான். மலைமேல் முதல் பனி விழுந்திருந்தது. டெல்ஃபியா வாசலுக்கு வந்தாள். மேலே கம்பளி எதுவும் போட்டிருக்கவில்லை.

"இந்த வருஷம் விறகு வேண்டாம், ரேன்சம்."

"ஏன், நான் ஏதாவது..."

"அடுப்படி தானாவே கதகதன்னு இருக்கு. வந்து பாரேன்."

அவன் வரவில்லை. ஆனால் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த சூடு படியில் கிடந்த பனியை உருக்கி, அவன் காலணிவரை ஈரமாக்கியிருந்தது. அது விறகுச் சூடு இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் நெருங்கி நின்றால் வரும் சூடு அது. வண்டியைத் திருப்பிக்கொண்டு, விறகை இறக்காமலே போனான்.

முப்பத்தெட்டாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். பதினொரு வருடத்தில் அது முதல் தடவை. சட்டைப் பையிலிருந்து வளையத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். துரு ஒரு புள்ளிகூட இல்லை, இத்தனை வருடமும் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறான். டெல்ஃபியா அதை அழுத்துக்கட்டையில் மாட்டி, ஒரு குண்டை வைத்து, நெம்புகோலுக்குக் கையை நீட்டினாள். நெம்புகோல் தேவைப்படவில்லை. குண்டு தானாக இறங்கி, கீழே மடித்துப் போட்டிருந்த துணியில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. இருபத்து மூன்றும் அப்படியே விழுந்தன. எல்லாம் அளவாக, பளபளவென்று, முன்பைப் போலவே சூடாக இருந்தன.

ரேன்சம் நாற்காலியில் உட்கார்ந்தான். "டெல்ஃபியா, அன்னிக்கு நான்..."

"இங்க சொல்லாத."

"உங்கிட்டதானே சொல்லணும்."

"எனக்கு மட்டும் சொன்னா அவன் வேலிக்கு வெளியவேதான் கிடப்பான். நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "என் பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம்" என்றான்.

"தெரியும். மேஜைத்துணி நான்தான் தைக்கிறேன்."

மறுநாள் சர்ச்சில் டெல்ஃபியா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். குண்டுகள் ஒரு பன்றிக்கொழுப்பு டப்பாவில் அவள் மடியில் இருந்தன. அவள் பக்கத்தில் இருந்தவர்கள் மேல்சட்டையைத் தளர்த்திக்கொண்டார்கள். பாட்டு முடிந்து, சாட்சி சொல்ல யாருக்காவது மனம் இருக்கிறதா என்று மேலன் கேட்டபோது, பின்வரிசையில் ரேன்சம் எழுந்தான். அவன் மகள் பக்கத்தில் இருந்தாள். எழுந்தவன் முதலில் துப்பாக்கியைப் பற்றியே பேசினான். நிரப்பிய துப்பாக்கியோடு வீட்டுக்குள் போகக் கூடாது என்று அப்பா சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். வரிசைகளில் ஆண்கள் தலையாட்டினார்கள், அவர்களுடைய அப்பாக்களும் அதையே சொல்லியிருந்தார்கள். இருட்டிவிட்டது என்றான். எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்ததாகச் சொன்னான். மரப்பட்டையும் சாம்பல் நிறம், ஆர்விலின் கோட்டும் சாம்பல் நிறம் என்றான். இந்த இடத்தில் தலையாட்டியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். விசையை இழுக்கும்போதே மரத்தின் அடிப்பாகம் திரும்பித் தன்னைப் பார்த்துக் கை தூக்கியது என்றான்.

டப்பா டெல்ஃபியாவின் மடியில் குளிரத் தொடங்கியது. முதலில் விளிம்பு, பிறகு அடி. பாவாடை வழியாகத் தொடையில் ஈயத்தின் குளிர் ஏறியது. அவள் மூடியைத் திறந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மற்ற எந்த ஈயத்தையும்போல இருந்தது.

"சத்தமா சொல்லுங்க, சகோதரர் ரேன்சம்" என்றார் மேலன். "முன்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

ரேன்சம் தனக்கு முன்னால் இருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"முதல் வெடி என்னோட துப்பாக்கி. அதுலதான் ஆர்வில் செத்தான். ரெண்டாவது அவனோட துப்பாக்கி. நடந்து போய், அதை எடுத்து, வானத்தப் பாத்து வெடிச்சு, அவன் பக்கத்துல வச்சதும் நான்தான்."