ஓண்டாவுக்கு ஒரு பாட்டு

ஓண்டாவை ஷியோஹாமா நாரைகள் பேஸ்பால் அணி சேர்த்துக்கொண்டுவிட்டது என்ற செய்தி வானொலியில் வந்தபோது, மசுயோ தன் கடையில் உருளைக்கிழங்கு உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். செய்தியை முழுவதும் கேட்டாள். அடுப்பை அணைத்தாள். காத்திருந்த வாடிக்கையாளரிடம், "இன்னிக்கு கடை இல்லை, போங்க" என்றாள்.

அதற்கு முந்தைய பருவத்தின் கடைசி நாட்களில், ஓண்டா ஓநாய்கள் அணியின் சட்டையில் ஷியோஹாமாவுக்கு வந்திருந்தான். இரண்டாம் தளத்தை நோக்கிச் சறுக்கி வந்தவன், தளத்தைத் தொடாமல், அங்கே நின்ற மிகுரியாவின் முழங்காலைத் தொட்டான். அந்த ஓசை ரசிகர்கள் உட்காரும் வலப்புற மேடைவரை கேட்டது என்று மசுயோ இன்றுவரை சத்தியம் செய்வாள். மிகுரியா நாரைகளின் தலைவன். அவன் பதினெட்டு வயதில் அணிக்கு வந்தது முதல் அவனுக்காக ட்ரம்பெட் ஊதியவள் அவள். அவனைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். ஓண்டா தொப்பியைக் கழற்றி ஒருமுறை குனிந்துவிட்டு, அடுத்த பந்துக்குத் தயாரானான். கோழியைத் தின்ற நரிக்கே கூண்டின் சாவியைக் கொடுத்ததுபோல, இப்போது அவனையே அழைத்து நாரைச் சட்டையை மாட்டிவிட்டார்கள்.

வலப்புற மேடையின் ஆரவாரக் குழுவுக்குத் தலைவர், முடிதிருத்தும் கடை வைத்திருந்த குசாகா. விசில் அவருடையது, முரசு சாராயக் கடைக்காரர் ஒகிதாவுடையது, ட்ரம்பெட் மசுயோவுடையது. மட்டை பிடிக்கும் ஒவ்வொரு வீரனுக்கும் தனிப் பாட்டு உண்டு. பாட்டில்லாமல் ஒருவனை மட்டை பிடிக்க அனுப்புவது, சோறு வைக்காமல் விருந்தாளியை அனுப்புவதற்குச் சமம். அந்தப் பாட்டுகள் அனைத்தையும் கட்டியவள் மசுயோதான். அவள் முன்னடியை ஊதினால்தான் முரசு விழும். முரசு விழுந்தால்தான் மேடை பாடும்.

குழு குசாகாவின் கடையில் கூடியது. ஒரு முதியவரின் தாடையில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருக்க, குசாகா கத்தியைக் கையில் பிடித்தபடியே பேசினார்.

"மசுயோ சான், ஓண்டாவுக்கு ஒரு பாட்டு வேணும்."

"எதுக்கு? அவனுக்குக் காலை ஒடைக்கத் தெரியும். பாட்டு எதுக்கு?"

"நம்ம சட்டையைப் போட்டா நம்ம ஆளு."

"திருடன் நம்ம வீட்டுச் சட்டையைப் போட்டுக்கிட்டா தம்பின்னு கூப்பிடுவீங்களா, தலைவரே?"

நுரையோடிருந்த முதியவர் சிரித்தார். குசாகா சிரிக்கவில்லை.

"நல்லா கேட்டுக்கோங்க. அரங்கத்துல வாத்தியம் வாசிக்கிற உரிமை குழுவுக்குக் கொடுத்தது. நீங்க கையில கட்டற பட்டையும் குழுவோடது. புடிச்சவனுக்கு ஊதுவேன், புடிக்காதவனுக்கு ஊதமாட்டேன்னா குழு எதுக்கு? ஓண்டாவுக்கு ஒரு தடவை நீங்க ட்ரம்பெட்டைக் கீழ எறக்கினாலும், அன்னிக்கே பட்டையைக் கழட்டிக் கொடுத்துடணும்."

மசுயோவுக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அந்த மேடைதான் அவளுடைய வீடு. அந்த நீலக் கைப்பட்டையை இழந்தால், அவள் எண்ணெய் வாடை வீசும் ஒரு கடைக்காரி மட்டுமே. அதை அவளும் அறிவாள், குசாகாவும் அறிவார்.

"சரி, கட்டறேன்" என்றாள்.

கட்டினாள். ஆனால் அவள் கட்டியது வாழ்த்து அன்று. மற்ற வீரர்களின் பாட்டுகள் குதிரைபோல் துள்ளும். ஓண்டாவின் பாட்டோ, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறவர்களின் நடையில், தாழ்ந்த சுரங்களில் இழுத்து இழுத்துச் சென்றது. 'ஓண்டா வருகிறான்' என்ற ஒரே அடி, மூன்று முறை. மட்டையாளனின் கையும் காலும் அந்த இழுவையில் மரத்துப்போக வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் அவன் தாமதிக்க வேண்டும். பருவம் முடியுமுன் அவனே மூட்டை கட்ட வேண்டும். அவள் வேண்டியது அவ்வளவே.

ஒத்திகையில் ஒகிதா முரசுக் கோலை நிறுத்தினார். "என்ன மசுயோ சான், சாவு ஊர்வலம் மாதிரி இருக்கு?"

"கனமான ஆளு. கனமான பாட்டு."

"என் மாமியார் செத்தப்பகூட இவ்வளவு சோகமா வாசிக்கல."

"அவங்க யார் முழங்காலையும் ஒடைக்கலையே."

முள்ளை எரிக்க மூட்டிய தீயில் ஊரே குளிர்காயத் தொடங்கியது. முதல் வாரத்திலேயே அந்தப் பாட்டு மேடைக்குப் பிடித்துப்போயிற்று. துள்ளும் பாட்டுகளுக்கு நடுவே அது எழும்போது, பல்லாயிரம் தொண்டைகள் ஒன்றாகத் தாழ, நாற்காலிகள் அதிர்ந்தன. எதிரணிப் பந்தெறிபவர்கள் திரும்பித் திரும்பி மேடையைப் பார்த்தார்கள். ஓண்டாவோ தாமதிக்கவில்லை. மே மாதத்தில் அடித்தான். மழைக்காலத்தில் அடித்தான். ஆகஸ்ட் வெயிலில், மற்றவர்கள் வாடிக் கிடந்தபோதும் அடித்தான். ஒவ்வொரு அடியும் தன் மூச்சிலிருந்து பிடுங்கப்பட்டதாக மசுயோவுக்குப் பட்டது. பியர் பீப்பாயை முதுகில் சுமந்து விற்கும் பெண்கள்கூட அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். அவள் கடைக்கு வந்த ஒருவர், "ஓண்டா பாட்டு நீங்க கட்டினதாமே? அருமை" என்றபோது, அவருக்கு ஆறிப்போன உருண்டைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

பருவத்தின் கடைசி ஆட்டம், ஓநாய்களோடு, பகலில் நடந்தது. அந்த ஆட்டத்தில் வென்றால் நாரைகள் மூன்றாம் இடம் பெற்று அடுத்த சுற்றுக்குப் போகும். இல்லையேல் அந்த இடம் ஓநாய்களுக்கு. ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி, ஓட்டங்கள் சமம், நாரைகளில் இருவர் அவுட், இன்னும் ஒருவர் அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்துவிடும். அப்போது ஒலிபெருக்கி மிகுரியாவின் பெயரைச் சொன்னது. ஆண்டு முழுவதும் சிகிச்சையில் கிடந்தவன் மாற்று மட்டையாளனாக நடந்து வந்தான். மசுயோ அவனுடைய பழைய பாட்டை, கழுத்து நரம்பு புடைக்க ஊதினாள். அவன் அடித்த பந்து சுவரில் மோதித் திரும்பியது. காலை இழுத்துக்கொண்டே ஓடி, இரண்டாம் தளத்தை அடைந்து நின்றான். எந்தத் தளத்தில் விழுந்தானோ அதே தளம். மேடை அழுதது.

அடுத்து மட்டையோடு வந்தவன் ஓண்டா.

குசாகா விசிலை வாயில் வைத்துக் கையை உயர்த்தினார். ஒகிதா கோலை ஓங்கினார். மசுயோ ட்ரம்பெட்டை உதடுவரை கொண்டுபோனாள். இரண்டாம் தளத்தில் குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த மிகுரியாவைப் பார்த்தாள். அவனை ஓட்டம் முடியும் வீட்டுத் தளத்துக்குக் கொண்டுவர இனி அந்தக் கொலைகாரன்தான் வேண்டுமா? அவன் அடித்து இவன் ஓடினால், இவனுடைய காலுக்கு அவன் கணக்குத் தீர்த்ததாக அல்லவா ஊர் சொல்லும்?

ட்ரம்பெட்டைக் கீழே இறக்கினாள்.

"என்ன பண்றீங்க?" என்றார் ஒகிதா.

"கை வலிக்குது."

"கையாலயா ஊதறீங்க? மசுயோ சான், ஊதுங்க."

"ஊதமாட்டேன். நிக்கட்டும் தனியா."

முன்னடி இல்லாமல் முரசு விழவில்லை. முரசு விழாமல் மேடை பாடவில்லை. ஆயிரமாயிரம் பேர் மூச்சைப் பிடித்து நிற்க, அரங்கம் ஆழ்கிணறுபோல் அடங்கியது. மட்டையாளன் நிற்கும் கட்டத்திலிருந்து ஓண்டா ஒரு காலை வெளியே வைத்து, நிமிர்ந்து, வலப்புற மேடையை நீண்ட நேரம் பார்த்தான். தொப்பியின் விளிம்பைத் தொட்டான். மீண்டும் நின்றான்.

மட்டையில் பந்து பட்ட ஓசை அந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது. பந்து தாழப் பறந்து, வலப்புற மேடைக்கு எதிரே புல்லில் விழுந்தது. மிகுரியா மூன்றாம் தளத்தைத் தாண்டினான், தடுமாறினான், எறிபந்து வருமுன் தலைகுப்புறப் பாய்ந்து வீட்டுத் தளத்தைத் தொட்டான். நாரைகள் வென்றார்கள். எழுந்தவன் முதலில் ஓடிக் கட்டிக்கொண்டது ஓண்டாவை. மசுயோ அதைக் கண்ணைத் திருப்பாமல் பார்த்தாள்.

கொண்டாட்டத்தின் நடுவே குசாகா அவளிடம் வந்து கையை நீட்டினார். அவள் பட்டையின் முடிச்சில் விரலை வைத்தாள்.

அப்போது ஒலிபெருக்கியில் ஓண்டாவின் குரல் கேட்டது. வென்ற நாளின் நாயகனை மேடையேற்றிப் பேசச் சொல்வது வழக்கம். அவன் திணறித் திணறிப் பேசினான்.

"வலது பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்கப்பா சாவுக்குப் பெட்டி செஞ்சு விக்கிறவர். அந்தப் பாட்டைக் கேட்ட மொத நாளே எனக்குப் புரிஞ்சுபோச்சு, அது பொணத்துக்கு முன்னால போற நடை. நான் மிகுரியா சானுக்குச் செஞ்சதுக்கு அது தகும்னுதான் வருஷம் பூரா நின்னேன். இன்னிக்கு அந்தப் பாட்டு வரல. அவர் தளத்துல நிக்கறப்ப, என்னை மன்னிச்சு அதை நிறுத்திட்டீங்க. ரொம்ப நன்றிங்க."

அவன் இடுப்புவரை குனிந்தான். மேடை ஒரு கணம் திகைத்துப் பின் கைதட்டியது. தட்டத் தட்ட அழுகையாயிற்று. குசாகாவின் நீட்டிய கை மெல்ல மடங்கியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதைத்தான் மனசுல வச்சிருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மசுயோ சான். பட்டை ஒங்க கையிலயே இருக்கட்டும். ஒங்களவிட யாருக்கு அது பொருந்தும்?"

சுற்றி நின்றவர்கள் அவளுக்குத் தலை வணங்கினார்கள். ஒகிதா, "பெரிய மனசு" என்றார். வாயைத் திறக்காமல் நின்றால் போதும். வீடு மிஞ்சும், ட்ரம்பெட் மிஞ்சும், கூடவே நல்ல பெயரும் மிஞ்சும். ஆனால் அவள் கொடுக்காத மன்னிப்பை ஓண்டா வீட்டுக்குக் கொண்டுபோய் நிம்மதியாகத் தூங்குவான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"மன்னிக்கவும் இல்ல, மண்ணும் இல்ல" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவன் அவுட் ஆகணும்னுதான் நிறுத்தினேன். மிகுரியா அங்கேயே நின்னாலும் பரவால்ல, இவன் கையால வரவேண்டாம்னு நிறுத்தினேன். அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

தலை வணங்கியவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ஒகிதா முரசைத் துணியால் மூடினார்.

"நாங்க ஜெயிக்கணும்னு நீங்க நினைக்கவே இல்லையா?" என்றார் குசாகா. அவர் முகத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. குரல் மட்டும் காய்ந்துவிட்டது.

"அந்த நேரத்துல நினைக்கல."

முடிச்சை அவிழ்த்துப் பட்டையை அவர் கையில் வைத்தாள். ட்ரம்பெட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அவளுக்கு வழிவிட்டவர்கள், வேண்டியதற்கும் அதிகமாகவே விலகி நின்றார்கள்.

"அடுத்த வருஷம் வலப்புற மேடைக்கு வராதீங்க" என்றார் குசாகா.

"வரல. மூணாவது தளத்துக்குப் பின்னால சீட்டு எடுப்பேன். அங்கதான அவன் காவல் நிப்பான்? அங்கேர்ந்து திட்டினா நல்லா கேக்கும்."

"அது எதிரணிக்காரங்க ஒக்கார்ற பக்கம்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, மசுயோ படியிறங்கினாள்.